வளை தோண்டும் டரான்டுலாவைக் களத்தில் கவனித்து வீட்டுத் தொட்டியைத் திருத்துவது: முழுமையான வழிகாட்டி

வளை தோண்டும் டரான்டுலா என்னும் பெரிய, மயிரடர்ந்த சிலந்தியை வீட்டில் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர், அதன் தாயகத்தின் வானிலையைத் தேடிப் படித்து அந்த எண்களை அது வாழும் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர முயல்கிறார்கள். அந்த எண்கள் ஆளுயரத்தில் நிழலில் வைக்கப்பட்ட கருவி காட்டியவை. சிலந்தியோ தன் நாளில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிப்பது. வளைக்குள் என்ன நிலவுகிறதோ அதுதான் அதற்கு வானிலை.

நான் பெங்களூரில் வசிக்கிறேன். கோபால்ட் ப்ளூ என்று வளர்ப்பவர்கள் அழைக்கும், மியான்மரையும் தாய்லாந்தையும் சேர்ந்த இனத்தின் பெண் ஒன்று என்னிடம் இருக்கிறது. நகரை அடுத்த ஆனேக்கல் பக்கத்துச் செம்மண் வரப்புகளில் உள்ளூர் இனங்களின் வளைகளைக் கவனித்த பிறகுதான் அதன் தொட்டியை மாற்றி அமைத்தேன். இரண்டும் வேறு இனங்கள், வேறு நிலங்கள். ஆகவே களத்தில் கிடைக்கும் எண்களை அப்படியே தொட்டிக்கு மாற்ற முடியாது. வளையின் ஆழம் எப்படி வெப்பத்தைத் தணிக்கிறது, ஈரம் எந்த மட்டத்தில் தொடங்குகிறது, வாசலில் சிலந்தி எவ்வளவு குறைவாக நடமாடுகிறது என்பன போன்ற தன்மைகளைத்தான் மாற்ற முடியும்.

1. தொட்டியில் உள்ள குறையை முதலில் எழுதுங்கள்

களத்துக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே உங்கள் தொட்டியைக் கவனித்து, விடை தெரியாத மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலந்தி ஏன் பகலிலும் வெளியே ஒரு மூலையில் சுருண்டு உட்காருகிறது, தோண்டிய வளை ஏன் சரிகிறது, மண்ணின் மேற்பரப்பில் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்பன போல அவை குறிப்பானவையாக இருக்க வேண்டும்.

கேள்வி இல்லாமல் வருபவர்கள் சிலந்தியைப் படம் எடுப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய செய்தியில் முக்கால் பங்கு சிலந்தியின் உடலில் இல்லை, அது குடியிருக்கும் மண்ணில் இருக்கிறது.

2. இடத்தையும் அனுமதியையும் முடிவுசெய்யுங்கள்

பன்னேர்கட்டா தேசியப் பூங்காவோ, வேறு எந்தக் காப்புக்காடோ இதற்கு உரிய இடம் அல்ல. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழைவதும், எந்த உயிரையும் எடுப்பதும் குற்றம். தெரிந்தவரின் தோட்டம், பயன்பாட்டில் இல்லாத வரப்பு, தனியார் நிலத்தின் ஓடைக்கரை ஆகியவையே போதும். மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் உறவினர் தோட்டம் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே சாலைக்காக வெட்டிய மண்சுவர்களில் த்ரிக்மோபியஸ் என்னும் டரான்டுலாப் பேரினத்தின் வளைகளை நின்றபடியே பார்க்கலாம்.

நிலத்தின் உரிமையாளரிடம் பகலிலேயே நேரில் போய்ப் பேசுங்கள். ஆனேக்கல், தளி பக்கங்களில் பலர் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அறிந்தவர்கள் என்பதால் மொழி தடையாக இராது. இரவில் டார்ச்சுடன் வரப்பில் நடக்கும் அந்நியரைத் திருடர் என்று நினைப்பது இயல்பு. எனக்கு அனுமதி தந்த பெரியவர், “பாம்பு இருக்கிற வளையில கைய விட்டுடாதீங்க தம்பி, அத மட்டும் பாத்துக்கோங்க” என்று மட்டுமே நிபந்தனை வைத்தார். அது என் முதல் விதியாகவும் ஆனது.

கேழ்வரகு முற்றும் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, பன்னேர்கட்டாவிலிருந்து தளி வரையிலான காட்டோர வயல்களுக்கு யானைகள் வருவது உண்டு. அந்த மாதங்களில் காட்டை ஒட்டிய நிலங்களுக்கு இரவில் போகவே வேண்டாம்.

3. பையில் இருக்க வேண்டியவை

கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், நல்ல டார்ச், அதன் முகப்பில் கட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள், ஒரு மீட்டர் கம்பியின் முனையில் உணரி உள்ள வெப்பமானி, அளவுநாடா, மெல்லிய இரும்புக் கம்பி, மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகள், பென்சில், கெட்டி அட்டை நோட்டு. வெப்பமானியைப் பெங்களூரின் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் எளிதாக வாங்கலாம். அதன் கம்பியில் 10 செ.மீ.க்கு ஒரு முறை வண்ண டேப் சுற்றிக்கொண்டால் ஆழத்தை இருட்டிலும் படிக்கலாம்.

கைபேசியில் பொருத்தும் குழாய்க் கேமராவைப் பலர் வாங்கிவருகிறார்கள். நான் அதைக் கைவிடப்பட்ட வளைகளுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். குடியிருக்கும் வளைக்குள் அதன் வெளிச்சமும் உரசலும் சிலந்தியை அடிவரை விரட்டும். உள்சுவரின் நூல் பூச்சும் கிழியும். மண்வெட்டி, கொத்து, பிடிபடும் உயிரை அடைக்கும் டப்பா ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கையில் கொத்து இருந்தால் தோண்டத் தோன்றும்.

4. பகலில் ஒரு நடை

இரவுக்கு முன் மாலை நாலு மணிக்கு அதே பாதையில் நடந்து, வளைகளைக் கண்டுபிடித்து எண் எழுதிய சிறு குச்சியை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முழம் தள்ளி ஊன்றுங்கள். பகலில் அறியாத இடத்தை இரவில் தேடினால் கண் சிலந்தியைத் தேடும், கால் எங்கே மிதிக்கிறது என்பதைப் பார்க்காது.

தட்டையான உழவு நிலத்தில் தேடுவது வீண். மழைநீர் தேங்காமல் வழியும் சரிவு, வேர்கள் மண்ணைப் பிடித்திருக்கும் வரப்பின் பக்கவாட்டு, பாறைக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட நிழல் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். வாசல் எந்தத் திசையை நோக்குகிறது, மேலே புல் அல்லது வேர் கூரைபோல் கவிகிறதா, மழைநீர் ஓடும் தடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பவற்றை அப்போதே குறியுங்கள். வெள்ளம் புகாத இடத்தை அது தேர்ந்துகொள்ளும் விதம்தான், தொட்டியில் தண்ணீரை எங்கே ஊற்றக் கூடாது என்பதைப் பின்னால் உங்களுக்குச் சொல்லப்போகிறது.

5. வளை யாருடையது என்று உறுதிசெய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டரான்டுலாவின் வாசல் பெரும்பாலும் வட்டமாக இருக்கும். விளிம்பைச் சுற்றி மெல்லிய நூல் படிந்து, அதில் காய்ந்த இலைத்துணுக்கும் மண்துகளும் ஒட்டியிருக்கும். விளிம்பு நொறுங்காமல் வழுவழுப்பாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒட்டடை படிந்து, உள்ளே குப்பை விழுந்து கிடந்தால் அது கைவிடப்பட்டது.

கருந்தேளின் வளைவாசல் வட்டமாக இராமல், அகலம் கூடி உயரம் குறைந்து பிறைபோல் தெரியும். எலி வளையின் முன்னால் புது மண் குவியலும், நடந்து நடந்து தேய்ந்த தடமும் இருக்கும். கதவுச் சிலந்தியின் வாசலை மண்ணும் நூலும் கலந்த மூடி ஒன்று மறைக்கும். புல்வெளியில் விரிந்த வெண்ணிற வலைவிரிப்பும் அதன் நடுவே புனல் போன்ற குழியும் இருந்தால், அது பெங்களூரின் பூங்காக்களிலும் காணக்கூடிய ஹிப்பாசா என்னும் ஓநாய்ச் சிலந்தி வகை.

இரவில் இன்னொரு சோதனை உண்டு. டார்ச்சைப் புருவ மட்டத்தில் பிடித்து நிலத்தைப் பாருங்கள். பனித்துளிபோல் மினுங்கும் கண்கள் ஓநாய்ச் சிலந்திகளுடையவை. ஒளி வந்த வழியே திரும்புவதால் டார்ச்சை இடுப்பில் பிடித்தால் அந்த மினுக்கம் தெரியாது. டரான்டுலாவின் கண்கள் அப்படி மின்னுவதில்லை. முதல் இரவில் “நாற்பது டரான்டுலா பார்த்தேன்” என்று மகிழ்ந்த ஒரு மாணவர், மறுநாள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவற்றில் இரண்டுதான் தேறின.

சந்தேகம் தீராத துளையை விட்டுவிடுங்கள். நாகமும் விரியனும் எலி வளைகளில் தங்குபவை. குச்சியையோ விரலையோ உள்ளே விட்டுச் சோதிக்க எந்தக் காரணமும் போதாது.

6. இரவில் உட்காருவது

இருட்டிய பின் வளைக்கு மேல்பக்கமாக அல்லது பின்பக்கமாக, குதிகாலை ஊன்றாமல் மெதுவாக நடந்து, இரண்டு மீட்டர் தொலைவில் உட்காருங்கள். சிலந்தியின் கால்களில் உள்ள நுண்ணிய உணர்வு மயிர்கள் காற்றின் சிறு அசைவையும் பிடிக்கும். நிலத்தின் அதிர்வையும் அது காலாலேயே உணரும். நீங்கள் வந்ததை அது முன்பே அறிந்து உள்ளே போயிருக்கும். மீண்டும் வாசலுக்கு வர இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள் “வளை காலி” என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.

சிவப்புத்தாள் கட்டிய டார்ச்சை நேராக வாசலில் அடிக்காமல் பக்கத்து மண்ணில் படும்படி வையுங்கள். சிவப்பு ஒளி அதைக் குறைவாகவே தொந்தரவு செய்கிறது. வெளியே வந்த நேரம், எத்தனை கால்கள் விளிம்பைத் தாண்டின, உடல் முழுதும் வெளியே வந்ததா, இரையைப் பிடித்ததா, எந்தச் சத்தத்துக்குப் பின்வாங்கியது ஆகியவற்றை நேரத்துடன் எழுதுங்கள்.

இப்படி நாலைந்து இரவுகள் உட்கார்ந்தவருக்கு ஒன்று புரியும்: முதிர்ந்த பெண் பெரும்பாலும் முன்னங்கால்களை வாசல் விளிம்பில் வைத்து அசையாமல் இருக்கும்; இரை கைக்கெட்டும் தூரம் வந்தால் பாயும், உடனே உள்ளே திரும்பும். தொட்டிக்குப் பெரிய தரைப்பரப்பு வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் போயிற்று. அதற்கு வேண்டியது ஆழம்.

காணொளிகளில் புல் நுனியால் வாசலைச் சீண்டிச் சிலந்தியை வெளியே இழுப்பதைப் பார்த்து, அதையே செய்யப் பலர் முனைகிறார்கள். அப்படி வெளியே வருவது அதன் இயல்பான நடத்தை அல்ல என்பதால் அந்தக் குறிப்பு நமக்குப் பயன்படாது. வளைக்குள் தண்ணீர் ஊற்றி வெளியேற்றுவது அதைவிட மோசம். உள்சுவர் சரிந்து, முட்டைப்பை இருந்தால் அதுவும் அழியும். இங்குள்ள இனங்களுக்கு அமெரிக்க இனங்களைப் போல உதிர்க்கும் அரிப்பு மயிர் கிடையாது. அவை கடிக்கும், வலி கடுமையாக இருக்கும்.

மழைக்காலத்தில் வெளியே அலையும், மெலிந்த நீண்ட கால்களும், முகத்தருகே உள்ள சிறு கால்களின் நுனியில் குமிழும் கொண்ட டரான்டுலா, பெண்ணைத் தேடும் முதிர்ந்த ஆண். வழி தவறி வந்ததாக நினைத்து அதை வீட்டுக்கு எடுத்துவருபவர்கள் உண்டு. அதற்கு எஞ்சியிருக்கும் ஆயுள் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நாளில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. பெண்ணையும் எடுக்கக் கூடாது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும் பெண் ஒன்றை எடுத்தால் அந்த வரப்பில் அடுத்த தலைமுறையே குறைந்துபோகும்.

7. மண்ணை அளப்பது

மறுநாள் காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 9 மணி என மூன்று முறை அளக்க வேண்டும். ஒரே அளவு எதையும் சொல்லாது. மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் செய்தி.

சிலந்தியின் வளைக்குள் கம்பியை நுழைக்காதீர்கள். அரை மீட்டர் தள்ளி, இரும்புக் கம்பியை அடிக்காமல் திருகித் திருகி இறக்கி ஒரு மெல்லிய துளை செய்யுங்கள். உணரியை 10, 20, 30, 40 செ.மீ. ஆழங்களில் வைத்து, துளையின் வாயை மண்ணால் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் விட்டுப் படியுங்கள். வாயை அடைக்க மறந்தால் வெளிக்காற்றைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஏப்ரல் பிற்பகலில் வெறும் செம்மண்ணின் மேற்பரப்பில் கை வைக்க முடியாது. அதே நேரத்தில் 30 அல்லது 40 செ.மீ. கீழே காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், மேலே ஏறிய சூடு கீழே எட்டுவதற்குள் பொழுது சாய்ந்து மேற்பரப்பு குளிரத் தொடங்கிவிடுகிறது. இறங்குவதும் ஏறுவதுமாகச் சிலந்தி தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. வெயில் நாளில் ஆழம் குளிர்ச்சி, பனிக்காலக் காலையில் ஆழம் வெதுவெதுப்பு என்ற இந்த அமைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதக் கருவியை நான் களத்துக்கு எடுத்துப்போவதை நிறுத்திவிட்டேன். ஈரமுள்ள மண்ணின் இடுக்குகளில் காற்று ஏறக்குறைய முழுச் செறிவுடன் இருக்கும். மலிவான கருவிகள் அந்த எல்லையில்தான் மிகவும் பிழை காட்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆழத்திலும் கம்பியில் ஒட்டிவரும் மண்ணை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் உலர்ந்தது, உருண்டையாக நின்றால் ஈரம், விரலில் பளபளப்பாக நீர் தெரிந்தால் அளவுக்கு மீறியது. உலர்விலிருந்து ஈரத்துக்கு மாறும் மட்டம் எத்தனை செ.மீ. என்பதே நமக்கு வேண்டிய எண்.

கடைசியாக, ஒரு கைப்பிடி மண்ணைப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, நீர் விட்டு, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் ஓரிரு நிமிடத்தில் படிவது மணல். சில மணி நேரத்தில் வண்டல். மேலே கலங்கி நின்று ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துப் படிவது களி. சிலந்தி விரும்பிய மண்ணில் களி எவ்வளவு என்பது, வளை சரியாமல் நிற்கும் காரணத்தை விளக்கும்.

8. அதே வளைக்கு மறுபடி போவது

ஒரு வளையை ஒரு முறை பார்ப்பதைவிட, மூன்று வளைகளைப் பருவத்துக்கு ஒரு முறை பார்ப்பது பயன் தரும். பெங்களூர்ப் பக்கம் மார்ச் வறட்சி, ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் கோடை மழை, செப்டம்பர் மழை, ஜனவரிக் குளிர் என நாலு முறை போனால் போதும்.

வறட்சியில் வாசல் மண்ணும் நூலும் கொண்டு அடைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். தோலுரிக்கும் முன்பும், முட்டைப்பை வைத்திருக்கும்போதும்கூடச் சிலந்தி இப்படிச் செய்யும். முதல் நல்ல மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையில் அதே வாசல் திறந்து, சிலந்தி இடைவிடாமல் இரை பிடித்துக்கொண்டிருக்கும். வாரம் தவறாமல் இரை கொடுக்கும் வழக்கத்தை நான் விட்டது இதைப் பார்த்த பிறகுதான்.

வாசலருகே உரித்துத் தள்ளிய தோலும், மென்று உருட்டிய இரையின் எச்சமும் கிடக்கலாம். எச்சத்தை உடைத்துப் பார்த்தால் வண்டின் ஓடா, கரப்பானின் காலா என்பது தெரியும்.

9. தொட்டியை மாற்றி அமைப்பது

முதலில் ஆழம். சிலந்தியின் கால் விரிப்பைப் (விரித்த கால்களின் நுனிக்கு நுனி உள்ள நீளம்) போல் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று மடங்கு மண் வேண்டும். 30 செ.மீ. நீளம், அகலம், மண் உயரம் என்றால் 27 லிட்டர். ஈரத்துடன் இறுகிய நிலையில் அது ஏறக்குறைய 40 கிலோ. அடுக்ககத்தின் சுவர்ப் பலகைகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தரையிலோ கெட்டியான மேசையிலோ வையுங்கள். மண்ணுக்கும் மூடிக்கும் இடையிலான உயரத்தைக் கால் விரிப்பின் ஒன்றரை மடங்குக்குள் நிறுத்துங்கள். கனத்த வயிறுள்ள இச்சிலந்திகள் கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்து இறக்கக்கூடும்.

களத்து மண்ணை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வராதீர்கள். வயல் மண்ணில் பூச்சிமருந்து எச்சமும் ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். லால்பாக் அருகே சித்தாபுரா நாற்றுப்பண்ணைகளில் உரம் கலக்காத செம்மண் கேட்டு வாங்குங்கள். தென்னை நார்த்தூளை மூன்று முறை நீரில் அலசி உப்பை நீக்குங்கள். எம்-சாண்டின் துகள்கள் உடைத்த கருங்கல்லின் கூர்முனைகள் உள்ளவை என்பதால் அதைத் தவிர்த்து, கழுவிய ஆற்று மணலைச் சிறிதளவு சேருங்கள். நான் ஐந்து பங்கு செம்மண், மூன்று பங்கு நார்த்தூள், ஒரு பங்கு மணல் கலக்கிறேன். விரலால் குத்திய துளை மறுநாளும் சரியாமல் நின்றால் கலவை சரி. வெறும் நார்த்தூளில் வளை நிற்காது. தோண்டிச் சரிந்து, தோண்டிச் சரிந்து, கடைசியில் சிலந்தி மேலே வந்து மூலையில் உட்காரும்.

நிரப்பும்போது 5 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். அடியில் உள்ள அடுக்குகளை உருண்டை பிடிக்கும் ஈரத்தோடும், மேலுள்ளவற்றை உலர்வாகவும் போட வேண்டும். ஒரு மூலையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அடிவரை நிறுத்திவிட்டால், பின்னாளில் தண்ணீரை அதன் வழியே அடிக்கு மட்டும் விடலாம். மேலிருந்து தெளிப்பவர்களுக்குத்தான் பூஞ்சை பிடிக்கிறது. மேலே நனைந்து, அடி காய்ந்து, களத்தில் கண்டதற்கு நேர்மாறாகத் தொட்டி ஆகிவிடும்.

சிலந்தியின் உடலைவிடச் சற்று அகலமான பிவிசி குழாயைக் கண்ணாடியை ஒட்டிச் சாய்வாக வைத்து, சுற்றி மண்ணை அழுத்தியபின் உருவி எடுத்தால் தொடக்க வளை தயார். அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத்தாள் ஒட்டி, வாரம் ஒரு முறை மட்டும் நீக்கிப் பாருங்கள். ஒரு வாரம் தொட்டியைக் காலியாக விட்டு, மண் படிந்து பூஞ்சை வரவில்லை என்று கண்ட பிறகு சிலந்தியை விடுங்கள்.

வெப்பத்தில் ஓர் எச்சரிக்கை. நிலத்தின் ஆழம் செய்வதை 30 செ.மீ. தொட்டி செய்யாது; பெட்டி மண் நான்கு பக்கமும் அறைக்காற்றால் சூழப்பட்டிருப்பதால் ஒரு நாளுக்குள் அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும். எனவே அறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: மேற்கு வெயில் படாத, உள்சுவரை ஒட்டிய, தாழ்வான இடம். அடியில் வெப்பத்தகடு வைப்பது பெரும் தவறு. சூடு தாங்காதபோது கீழே இறங்கும் உயிருக்கு, இறங்க இறங்கச் சூடும் உலர்வும் கூடும்படி செய்துவிடுகிறோம். பெங்களூரில் ஜனவரி இரவுகளில் 15 டிகிரியை ஒட்டிக் குறைந்தாலும் மூடிய அறைக்குள் அவ்வளவு இறங்குவதில்லை; குளிர் அதிகம் என்று தோன்றினால் அறையைச் சூடேற்றுங்கள், தொட்டியை அல்ல.

10. விட்ட பிறகு முதல் மூன்று மாதம்

முதல் பத்து நாள் இரை வேண்டாம். பிறகு மாலையில் ஒரு சுவர்க்கோழியை வாசலருகே விடுங்கள். மறுநாள் எஞ்சினால் எடுத்துவிடுங்கள், ஏனெனில் தோலுரிக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழி கடித்துத் தின்னக்கூடும். வயலில் பிடித்த பூச்சிகளைக் கொடுக்காதீர்கள்.

வாசலை அடைத்துக்கொண்டால் நோட்டில் தேதியை எழுதிவிட்டு, அடிமட்ட ஈரத்தை மட்டும் குழாய் வழியே பார்த்துக்கொள்ளுங்கள். இறந்துவிட்டதோ என்று தோண்டிப் பார்த்து, தோலுரித்துக்கொண்டிருந்த சிலந்தியை மண்ணோடு சேர்த்து நசுக்கிய இருவரை எனக்குத் தெரியும். அடைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். திறந்த பிறகும் பற்கள் வெளுத்திருந்தால் கறுக்கும்வரை இரை கொடுக்க வேண்டாம்.

ஒரு மாதம் ஆகியும் வளைக்குள் போகாமல் வெளியே திரிந்தால் வரிசையாகச் சோதியுங்கள்: தொட்டி வைத்த மேசையில் மிக்சி அல்லது ஒலிபெருக்கியின் அதிர்வு படுகிறதா, மண் மிகவும் நனைந்திருக்கிறதா, தொடக்க வளை சரிந்துவிட்டதா. என் வீட்டில் காரணம் முதலாவது. சமையலறைச் சுவரிலிருந்து தொட்டியை நகர்த்திய மூன்றாம் இரவில் தோண்டத் தொடங்கியது.

களத்தில் எடுத்த படங்களைப் பகிரும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். வரப்பின் பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் கொத்துடன் ஒருவர் வருவார். மரப்பொந்துகளில் வாழும் பொயசிலோதீரியா பேரினம் முழுவதையும் 2019 முதல், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்ததற்கு, வளர்ப்பு வணிகத்துக்காக அவை காட்டிலிருந்து எடுக்கப்பட்டது முக்கியக் காரணம். உங்களிடம் உள்ள இனம் அந்தப் பட்டியலில் இருந்தால், ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் அதைப் பதிவுசெய்திருக்கிறீர்களா என்பதையும் இதே நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள்.